மந்தைவெளியிலிருந்து 28 கிலோமீட்டர்: மாரத்தானுக்கான ஞாயிறு லாங் ரன் ஓடும் முறை

ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானில் முழு தூரமும் ஓடுவது என்று ஆகஸ்ட்டில் முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் ஐந்து மணி நேரத்தை ஒட்டி முடிக்கப்போகிற, நாற்பது வயதைத் தாண்டிய, வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிற ஆட்களுக்காக. மூன்றரை மணியில் முடிப்பவர்களுக்கான பயிற்சி அட்டவணை எங்கு தேடினாலும் கிடைக்கும். அதை அப்படியே எடுத்து நம் கால்களுக்கு மாட்டினால் நவம்பரில் முழங்கால் வலியோடு உட்கார வேண்டியதுதான்.

எனக்கு வேலை தபால் நிலையக் கவுன்ட்டரில். வீடு மந்தைவெளி. திங்கள் முதல் சனி வரை நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பீட் போஸ்ட்டும் சேமிப்புக் கணக்கும் பார்க்கிறேன். செவ்வாய், வியாழன் காலையில் ஆறிலிருந்து எட்டு கிலோமீட்டர், நேரம் கிடைத்தால் வெள்ளியன்றும் கொஞ்சம். வாரத்தின் நீண்ட ஓட்டமான லாங் ரன்னுக்கு ஞாயிறு ஒன்றுதான். மாரத்தான் தயாரிப்பில் வேறு எதை விட்டாலும் சமாளிக்கலாம், இந்த ஒரு ஓட்டத்தை விட்டால் ஈடுகட்ட வழியில்லை.

எதற்காக இவ்வளவு தூரம்

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பாகத் தசையிலும் கல்லீரலிலும் தங்குகின்றன. மொத்தச் சேமிப்பு ஏறக்குறைய 500 கிராம், அதாவது 2,000 கலோரி. ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமாராக ஒரு கலோரி செலவாகும். என் எடை 58 கிலோ. 42.195 கிலோமீட்டருக்கு 2,400 கலோரியைத் தாண்டுகிறது. மீதியைக் கொழுப்பு தர வேண்டும். மெதுவாக ஓடினால் கொழுப்பிலிருந்து நிறைய எடுக்கும், வேகம் கூடக்கூட சர்க்கரையை நாடும். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் நல்ல ஓட்டக்காரர்கள்கூட திடீரென்று நடக்கத் தொடங்குவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஞாயிறு ஓட்டம் மூன்று விஷயங்களைப் பழக்குகிறது. கொழுப்பை எரிக்கத் தசைக்குப் பழக்கம். நான்கு மணி நேரம் தரையில் மோதிக்கொண்டே இருக்க எலும்புக்கும் தசைநாருக்கும் பழக்கம். ஓடிக்கொண்டே சாப்பிட வயிற்றுக்குப் பழக்கம். மூன்றுமே மெதுவாக ஓடினால்தான் நடக்கும். வேகமாக ஓடும்போது ரத்தம் காலுக்குப் போய்விடுவதால் வயிறு எதையும் ஏற்காது, குமட்டும்.

ஆகையால் முதல் விதி, உங்கள் மாரத்தான் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 45 முதல் 90 விநாடி வரை மெதுவாக ஓடுங்கள். ஐந்து மணியில் முடிக்க வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி. அப்படியானால் ஞாயிறன்று 8 நிமிடம் சரி. எட்டரைகூடச் சரி.

இங்கேதான் வழக்கமான அட்டவணைகளோடு எனக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றிலும் 32 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். வேகமானவர் அதை இரண்டே முக்கால் மணியில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். கிலோமீட்டருக்கு 8 நிமிடத்தில் ஓடும் நமக்கு அது நாலேகால் மணி நேரம். அவ்வளவு நேரம் ஓடிவிட்டு மறுநாள் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் அந்த வாரம் முழுக்கப் பயிற்சி கெட்டுப்போகும், காயத்துக்கும் வழி திறக்கும். எனவே தூரத்துக்குப் பதில் நேரத்துக்கு வரம்பு வையுங்கள். என் வரம்பு மூன்றே முக்கால் மணி. அதற்குள் வருவது 28 கிலோமீட்டர், அது போதும். மிச்சம் 14ஐ, பந்தயத்துக்கு முந்தைய மூன்று வார ஓய்வும் வழியில் சாப்பிடுவதும் சேர்ந்து கொண்டுசேர்த்துவிடும்.

ஏற்றும் முறை எளிது. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடக்கூடியவர் செப்டம்பர் நடுவில் 14ல் தொடங்கலாம். வாரம் இரண்டு கிலோமீட்டர் கூட்டுங்கள். மூன்றாவது வாரம் கண்டிப்பாகக் குறையுங்கள். 14, 16, 12. பிறகு 18, 20, 14. இப்படியே போனால் நவம்பர் கடைசியில் முதல் 28 வரும், டிசம்பர் நடுவில் இன்னொரு 28. குறைக்கிற வாரத்தில் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நன்றாக இருக்கிறதே என்று அந்த வாரத்தையும் ஓடித் தீர்ப்பவர்கள்தான் அக்டோபரில் குதிகால் வலி என்று வருவார்கள். வாரம் முழுவதும் ஓடும் தூரம் எல்லாம் ஞாயிறு ஒன்றிலேயே போகக்கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வியாழனும் ஓடாமல் ஞாயிறு மட்டும் 24 ஓடுவது ஆபத்து.

நாற்பது வயதுக்கு மேல் முதல் மாரத்தான் என்றால் தொடங்குமுன் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் ஓடும் நாளில் மாத்திரையை எப்போது எடுப்பது என்றும் கேட்டு வையுங்கள். பெண்கள் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ள நாடு இது. மூச்சு வாங்குவதற்கும் கால் இழுப்பதற்கும் பயிற்சிக் குறைவுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், இரும்புச் சத்துக் குறைவாக இருக்கும்.

சனிக்கிழமை

லாங் ரன் சனிக்கிழமை மதியமே ஆரம்பமாகிறது. மதியம் வயிறு நிறையச் சோறு, ரசம், மோர், உருளைக்கிழங்குப் பொரியல். கீரை, சுண்டல், பயறு, காரக்குழம்பு வேண்டாம். அவை நல்ல உணவுதான், ஆனால் மறுநாள் அதிகாலை நடுரோட்டில் வயிற்றைக் கலக்கும். இரவு ஏழரைக்குள் இட்லியோ இடியாப்பமோ தேங்காய்ப்பாலோ. பரோட்டா, பிரியாணி, கல்யாண விருந்து எல்லாம் ஞாயிறு இரவுக்குத் தள்ளிவையுங்கள். சனிக்கிழமை மாலை வரவேற்புக்குப் போயே ஆக வேண்டும் என்றால், மொய் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். மூன்று மணிக்கு எழவேண்டும் என்ற நினைப்பிலேயே சிலருக்குத் தூக்கம் வராது. பரவாயில்லை, ஒரு இரவுத் தூக்கம் குறைந்தால் ஓட்டம் கெடாது. வெள்ளி இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும். நான் வெள்ளி இரவைத்தான் அதிகம் காப்பாற்றுகிறேன்.

படுக்குமுன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். காலணி, காலுறை, தொப்பி, பின்னால் கட்டும் சிவப்பு விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, வாசலின், பாட்டில்கள், பேரீச்சம்பழம், ஜெல் (ஓடும்போது விழுங்கும் சர்க்கரைக் கூழ்), ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் 200 ரூபாய், வீட்டு எண் எழுதிய சீட்டு. நோட்டை உறையில் போடாமல் வைத்தால் இரண்டு மணி நேர வியர்வையில் கூழாகிவிடும். போனில் பணம் அனுப்பலாம் என்று நம்பாதீர்கள், நனைந்த விரலுக்குத் திரை வேலை செய்யாது.

காலுறை பருத்தியில் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கொப்புளம் போடும். காலணியில் பெருவிரலுக்கு முன்னால் அரைக் கட்டைவிரல் அளவு இடம் இருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று மணி நேர ஓட்டத்தில் பாதம் வீங்கும். வாசலின் தாராளமாகத் தடவுங்கள். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு உள்ளாடையின் கீழ்ப்பட்டை உரசும் இடம். உப்பு காய்ந்த வியர்வையோடு துணி உரசினால் தோல் சிவந்து கிழியும், குளிக்கும்போதுதான் அது தெரியவரும். மாதவிடாய் நாளிலும் ஓடலாம். என் அனுபவத்தில் மாதவிடாய்க் கப் பேடைவிடப் பல மடங்கு வசதி, ஆனால் அதையும் சின்ன ஓட்டத்தில் பழகிய பிறகே நீள ஓட்டத்துக்கு எடுத்துப்போங்கள்.

மூன்று மணி

எழுந்ததும் முதலில் எடை பார்க்கிறேன். காரணம் பின்னால் சொல்கிறேன். அரை டம்ளர் காபி, ஒரு வாழைப்பழம், இரண்டு ரொட்டித் துண்டில் ஜாம். நான்கு மணிக்கு ஓட ஆரம்பிக்கப் போகிறோம், அதற்குள் இது இறங்கிவிடும். காபி கழிப்பறைக்கு அனுப்பிவைக்கும், அதற்காகவே குடிக்கலாம். வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு எரியும் என்று சொல்வார்கள். எட்டு கிலோமீட்டருக்கு அது சரியாக இருக்கலாம். 28க்கு அப்படிப் போகாதீர்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இடுப்பு இறுகிக் கிடக்கும். ஐந்து நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசுங்கள், பக்கவாட்டிலும் வீசுங்கள். பிறகு தெருமுனை வரை நடை. குனிந்து காலைத் தொட்டு இழுத்துப் பிடிக்கும் பயிற்சியெல்லாம் ஓடி முடித்த பிறகு.

ஏன் நான்கு மணி? சூரியன் ஆறு மணியை ஒட்டி வரும். ஏழு மணி வெயிலே சென்னையில் வெயில்தான். விடியலுக்குச் சற்று முன்தான் வெப்பம் மிகக் குறைவு. ஆனால் அதே நேரத்தில்தான் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம், இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே சூடு ஏறும், இதயம் தோலுக்கும் தசைக்கும் சேர்த்து ரத்தம் அனுப்பப் போராடும். ஒரே வேகத்தில் ஓடினாலும் முதல் மணியைவிட மூன்றாவது மணியில் நாடித்துடிப்பு தானாகவே ஏறியிருக்கும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கடிகாரத்தில் தெரியும் வேகத்தை நம்பாதீர்கள். டிசம்பரில் 8 நிமிடத்துக்கு ஆகும் உழைப்பு செப்டம்பரில் எட்டேமுக்காலுக்கே ஆகிவிடும். அந்த எட்டேமுக்கால்தான் அன்றைக்குச் சரியான வேகம்.

வேகம் சரியா என்று பார்க்க எனக்கு ஒரு சோதனை உண்டு. வீட்டு முகவரியை, கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை, சத்தமாக ஒரே மூச்சில் சொல்லிப் பார்ப்பேன். தடையில்லாமல் வந்தால் சரி. தெருப் பெயரிலேயே மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். கூட ஓட ஆள் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், பேசிக்கொண்டே போங்கள். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

தொடக்கத்திலிருந்தே ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பதற்கும் களைக்காமலே நடப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதல் மணியில் அந்த ஒரு நிமிட நடை வீண் என்று தோன்றும், தாண்டிப் போக மனம் வரும். தாண்டாதீர்கள். அந்த நிமிடத்தில்தான் நான் குடிக்கிறேன், சாப்பிடுகிறேன்.

வழி

நீள ஓட்டத்துக்கு வீட்டை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் வழி போடுங்கள். தண்ணீரும் பாதுகாப்பும் அதனால் பாதி தீர்ந்துவிடும். என் வழியைப் பின்கோடால் சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும். 600028ல் தொடங்கிச் சாந்தோம் வழியாக 600004, கலங்கரை விளக்கம், அப்புறம் காமராஜர் சாலையில் நேராக 600005, நேப்பியர் பாலம். பந்தயம் தொடங்கும் இடமே அதுதான். அங்கே தொட்டுத் திரும்பினால் வீட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 12 கிலோமீட்டர். இந்தப் பகுதி இருட்டில் போக நல்லது. அகலச் சாலை, விளக்கு உண்டு, நாலரை மணிக்கே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

வீட்டு வாசலில் இரண்டாவது பாட்டில் தயாராக இருக்கும். கேட்டைத் திறக்காமல் கை விட்டு எடுத்துக்கொண்டு கிளம்புவேன். உள்ளே போகாதீர்கள், உட்காராதீர்கள். சமையலறையில் விளக்கு எரிந்தால் அங்கேயே நின்றுவிடத் தோன்றும்.

பிறகு தெற்கே. திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு, 600020. பெசன்ட் அவென்யூவில் இரண்டு பக்கமும் மரங்கள், சென்னையில் ஓடுவதற்கு அதைவிட இதமான சாலை எனக்குத் தெரியாது. அது முடிந்ததும் 600090, எலியட்ஸ் கடற்கரை. 1930ல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டிய வெள்ளை மண்டபம் கண்ணில் படும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அங்கிருந்து 600041, திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் வரை போய்த் திரும்பினால் கணக்கு 28ஐ நெருங்கும். குறைவாக ஓட வேண்டிய வாரங்களில் பெசன்ட் நகரிலேயே திரும்பிவிடலாம்.

சென்னை தட்டையான ஊர். ஏற்றம் இல்லாததைச் சௌகரியம் என்பார்கள், ஆனால் ஒரே தசையே மூன்று மணி நேரமும் வேலை செய்கிறது. பாலம் வந்தால் சலித்துக்கொள்ளாமல் ஏறுங்கள், காலுக்கு ஒரு மாற்றம் கிடைக்கும். சாலையின் ஓரம் சரிந்திருக்கும், அதிலேயே ஓடினால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும். போக்குவரத்து இல்லாத இடத்தில் சமதளத்துக்கு மாறுங்கள்.

நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கம் ஓடுங்கள். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாலரை மணித் தண்ணீர் லாரியும் விமான நிலையத்துக்கு விரையும் டாக்ஸியும் வேகம் குறைக்க மாட்டார்கள். காதில் பாட்டு வேண்டாம். பெண்கள் இருட்டு நேரத்தில் தனியாக ஓடாமல் இருந்தால் நல்லது. என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள், வேகம் ஒத்துப்போவதைவிட நேரத்துக்கு வருபவர்களாக இருப்பது முக்கியம். சென்னையில் பகுதி பகுதியாக ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன, கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். இருப்பிடத்தைப் போனில் வீட்டாருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

கழிப்பறையை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஆண்கள் இதைப்பற்றி யோசிப்பதே இல்லை. எந்தப் பெட்ரோல் பங்க் விடிகாலையில் திறந்திருக்கிறது, அங்கே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதைப் பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓடும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நாய்கள். குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். கண்ணைப் பார்க்காமல், கையை வீசாமல், அதன் தெருவைக் கடக்கும்வரை நடை. ஓடினால் துரத்தும். பல் பட்டுவிட்டால், கீறல்தான் என்றாலும், அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போடத் தொடங்குங்கள்.

தண்ணீர், உப்பு, சர்க்கரை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பந்தய நாளில் தோற்பவர்களில் அதிகம் பேர் காலால் தோற்பதில்லை, வயிற்றால் தோற்கிறார்கள்.

முதலில் தண்ணீர். எவ்வளவு குடிப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் எடை. ஓடும் முன் 58.2 கிலோ, ஓடி வந்து வியர்வையைத் துடைத்து, ஈர உடையைக் கழற்றியபின் 56.8 என்று வைத்துக்கொள்வோம். இடையில் குடித்தது 1.8 லிட்டர். குறைந்த 1.4 கிலோவையும் குடித்த 1.8ஐயும் கூட்டினால் 3.2 லிட்டர் வியர்வை, மூன்றே முக்கால் மணியில். மணிக்கு 850 மில்லி. போன அளவு முழுவதையும் திரும்பக் குடிக்க வேண்டியதில்லை, முடியவும் முடியாது. மணிக்கு அரை லிட்டரை ஒட்டி, தாகத்தைக் கேட்டு, மடக்கு மடக்காகக் குடித்தால் எனக்குப் போதும். உங்கள் அளவு உங்கள் கணக்கில் வரும். மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் செப்டம்பர் வியர்வையும் டிசம்பர் வியர்வையும் ஒன்றில்லை.

ஓடி வந்தபின் எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை. வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தண்ணீர் கொடுக்கும் இடத்திலெல்லாம் இரண்டு டம்ளர் குடிக்க நமக்கு நேரம் இருக்கிறது.

உப்புக்கு மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அதில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். ஒரு பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஒரு பாட்டில் ஓஆர்எஸ், ஒரு பாட்டில் வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடிக்கிறேன். இளநீர் ஓடி முடித்தபின் அருமையாக இருக்கும். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, வியர்வையில் போகும் உப்பை அது ஈடுகட்டாது.

13.5 கிராம் என்ற எண்ணைக் கவனியுங்கள். ஓஆர்எஸ் குடிக்கிறேன், சாப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை அதில் இருக்கிறது. நீள ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நான் 40 எடுக்கிறேன். ஒரு ஜெல்லில் 20 முதல் 25 கிராம். சின்ன வாழைப்பழத்தில் ஏறக்குறைய 20. சாதாரண பேரீச்சம்பழம் ஒன்றில் ஐந்தாறு கிராம். ஆக, மணிக்கு ஒரு ஜெல்லும் மூன்று பேரீச்சையும். ஜெல் விலை கட்டுப்படியாகாதவர்கள் பேரீச்சையும் வெல்லக்கட்டியும் வைத்தே ஓடலாம், பத்து கிராம் வெல்லத்தில் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரைதான். கொட்டையை எடுத்துவிட்டு வையுங்கள். கடலைமிட்டாய் ஆசையாக இருக்கும், மூச்சு வாங்கும்போது மென்று விழுங்க முடியாது, கொழுப்பு வேறு இருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும்.

முதல் வாய் நாற்பத்தைந்தாவது நிமிடத்தில். பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பசி தெரியும்போது சேமிப்பு ஏற்கெனவே இறங்கியிருக்கும். ஜெல்லை வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். ஓஆர்எஸ்ஸோடு சேர்த்தால் சிலருக்கு வயிறு பிசையும். ஆரம்ப வாரங்களில் மணிக்கு 20 கிராம்கூட உள்ளே போகாது. விடாமல் வாராவாரம் கொடுத்து வந்தால் வயிறு பழகும், காலைப் போல அதுவும் பயிற்சியால் வளரும் உறுப்புதான். பந்தயத்தில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதையே இப்போதும் சாப்பிடுங்கள்.

ஓடும் முன்னோ ஓடும்போதோ ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓட்டக் குழுக்களில் அதை மிட்டாய் போல நீட்டுவார்கள், வாங்காதீர்கள்.

நிறுத்த வேண்டியபோது

தொடை கனப்பது, கெண்டைக்கால் இறுகுவது சகஜம். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், எலும்பின்மேல், ஒவ்வொரு அடிக்கும் வலி கூடினால் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள். 200 ரூபாய் அதற்குத்தான். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வெயிலில் திடீரென்று குளிர்ந்து சிலிர்ப்பது, பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் நிழலில் உட்காருங்கள், கூட இருப்பவரை அழையுங்கள். கூட ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால், தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள். ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை நம் பயிற்சிக்கு நட்டநடுவில் வரும். தூறலில் ஓடலாம், நன்றாகவே இருக்கும். தொப்பி போட்டால் கண்ணில் நீர் இறங்காது. ஆனால் தேங்கிய தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள். கீழே மூடியில்லாத வடிகால் இருக்கலாம், அறுந்த மின்கம்பி இருக்கலாம், காலில் சின்னப் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். இடி இடித்தாலோ புயல் எச்சரிக்கை இருந்தாலோ அந்த ஞாயிறை விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓட முயலாமல், விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். தீபாவளிக்கு மறுநாள் விடிகாலையும் வேண்டாம், புகை கீழிறங்கி நிற்கும்.

வீடு வந்ததும்

உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். எடை பாருங்கள். ஒரு டம்ளர் உப்புப் போட்ட மோர். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் நல்ல சாப்பாடு. எனக்கு நாலு இட்லி, இரண்டு முட்டை. இட்லி மட்டும் போதாது, தசை சரியாகப் புரதம் வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் சாம்பாரைக் கெட்டியாக வைத்துப் பாலோ பனீரோ சேர்த்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டு மதியம் ஒரு மணி நேரம் படுங்கள். ஞாயிறு வீட்டு வேலை எல்லாம் நமக்காகக் காத்திருக்கும்தான். இந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் முன்பே பேசி வாங்கி வைத்துவிடுங்கள், பெண்களுக்கு இது பயிற்சியின் ஒரு பகுதி. திங்கட்கிழமை ஓட்டம் கிடையாது, அரை மணி நடை மட்டும்.

ஒரு நோட்டில் எழுதுங்கள். முன் எடை, பின் எடை, குடித்தது, எந்த நிமிடத்தில் என்ன சாப்பிட்டது, வயிறு எப்படி இருந்தது, எங்கே உரசியது. கடிகாரம் தூரத்தையும் வேகத்தையும் தானே பதிந்துகொள்ளும், இவற்றைப் பதியாது.

இரண்டாவது 28 டிசம்பர் நடுவில், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு. அதற்குப் பிறகு நீள ஓட்டம் இல்லை. மார்கழி பிறக்கும்போது ஞாயிறு தூரம் 18க்கு இறங்கும், அதற்கடுத்த வாரம் 12. ஊரே சீக்கிரம் எழுந்து கோலம் போட ஆரம்பிக்கும் நாட்கள், குளிரும் கொஞ்சம் இருக்கும், உடம்பு இன்னும் ஓடு என்று கேட்கும். கொடுக்காதீர்கள், கோலத்தைச் சுற்றி மெதுவாக ஓடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பந்தயத்துக்கான காலணி இந்த இரண்டு 28லும் போட்ட ஜோடியாகவே இருக்கட்டும். புதுசு வாங்குவதானால் நவம்பருக்குள் வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் நோட்டைத் திறந்து நல்லபடியாகப் போன இரண்டு ஞாயிறுகளை எடுத்து, அன்று எந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டீர்களோ அதை ஒரு சின்னச் சீட்டில் எழுதி, எண் அட்டையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே செல்லோடேப் ஒட்டினால் வியர்வையில் அழியாது.